பின் சக்கரத் தடம்

அப்பாவைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே அண்ணன் வண்டியைக் குளிப்பாட்டி முடித்திருந்தான். வாசலில் நின்ற வேனைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்தான். தெருவில் யாராவது வந்தால் அதே துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இந்த அண்ணனிடம் புதிதாக வெறுக்க எதுவும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தாள். தப்புக்கணக்கு.

"அப்பா கடைசியா அவர் வண்டியிலதான் போகணும்," என்று விடிந்ததுமே அறிவித்துவிட்டான். கேட்டவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். சித்தப்பா அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். சித்தப்பாவுக்குச் சொந்தத்தில் 'தலைவர்' என்று பெயர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி எங்கே போடுவது, யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று உத்தரவு போடுவார். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கி இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"பெத்த பிள்ளைன்னா இப்படி இருக்கணும்," என்றார் தலைவர்.

அவளுக்கு விஷயம் தெரியும். டீச்சர் வருவார். வண்டி ஓடுவதை டீச்சர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு அவனுக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது, வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

டீச்சர் குழந்தைகள் காப்பகம் நடத்துபவர். அந்தக் காப்பகத்துக்குத்தான் அப்பா வருஷக்கணக்கில் இந்த வேனை ஓட்டினார். கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு லாரி பக்கவாட்டில் வந்து மோதியது. வேனின் சேசிஸ் வளைந்தது. அப்பாவுக்கு இடுப்பு முறிந்தது. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் விசாரித்தது இடுப்பைப் பற்றி அல்ல.

"அடிச்சட்டம்தானேப்பா வளைஞ்சிருக்கு? இழுத்து நிமித்திட்டா ஓடும்."

"ஓடும். எங்க போய் நிக்கும்னு தெரியாது."

"உங்க இடுப்பையே சேத்து வெக்கிறாங்க. இதை முடியாதா?"

"எலும்பு உசுரோட இருக்குடா, தானா கூடிக்கும். இரும்பு கூடாது. சூடு காட்டி இழுத்தா அந்த இடம் செத்துப்போகும். குழந்தைங்க ஏறுற வண்டி. உடைக்கக் குடுத்துரு."

அண்ணன் தலையாட்டினான். அவன் தலையாட்டினால் நேரெதிரானதைச் செய்யப் போகிறான் என்று அர்த்தம். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். ஊருக்கு வெளியே ஏதோ ஒரு பட்டறையில் கொடுத்து, கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, சங்கிலி போட்டு இழுத்து, வெந்த இடம் தெரியாமல் கறுப்பு பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தான். வண்டி தெருமுனையில் திரும்பியபோதே அப்பா கண் திறந்தார். டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் சத்தம்.

"யாரு வண்டிடா அது?"

"பக்கத்து வீட்டுக்கு வந்திருக்குப்பா," என்றான் அண்ணன், சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டபடி.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு அவளைக் கூப்பிட்டு, "அந்த வண்டில பிள்ளைங்க ஏறக் கூடாது. நீ பாத்துக்கோ," என்றார். அவள் சரி என்றாள். அப்பா ஒன்றும் மகான் இல்லை. பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது, மகள் வீட்டு வாசலை ஒரு தடவைகூட மிதித்தது கிடையாது. ஆனால் வண்டி விஷயத்தில் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அவளை நம்பி அவர் கேட்டதும் இந்த ஒன்றைத்தான்.

இன்று டீச்சர் மாலையோடு வந்து, அப்பாவின் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, அவரை மெதுவாகப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

"டீச்சர், அந்த வண்டிய வாங்காதீங்க. சேசிஸ் வளைஞ்சு, சூடு வெச்சு இழுத்தது."

டீச்சர் கைக்குட்டையை மடித்தார். "இது பேசுற நாளாம்மா இன்னைக்கு?"

"நாளைக்கு நீங்க கையெழுத்துப் போடறதா அண்ணன் சொன்னான்."

"பட்டறையில போய்ப் பாத்துட்டேன். ஒரு குறையும் இல்லன்னு சொன்னாங்க."

"எந்தப் பட்டறை?"

"உங்க அண்ணன்தான் கூட்டிட்டுப் போனார்." டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைக்காத. வண்டிய உன் வீட்டுக்காரருக்குக் கேட்டு, அண்ணன் தரலன்னு உனக்கு வருத்தமாமே."

"என் வீட்டுக்காரருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது டீச்சர்."

டீச்சர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். துக்கத்தில் பேசுகிறவளைத் தட்டிக்கொடுப்பதுபோல. படித்தவர், நல்லவர், எழுபது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார். அவளுக்கு அவர்மேலும் ஆத்திரமாக வந்தது.

உள்ளே போய் அம்மாவின் காதில் சொன்னாள். "அம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு வேண்டாம்டி. எடுத்துட்டுப் போகட்டும்."

வாழ்நாள் முழுவதும் அம்மாவுக்கு 'இன்னைக்கு வேண்டாம்'தான். சொல்லும் நாள் வராமலேயே, அதற்கு உரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்கு அழுகை முட்டியது. அண்ணன் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் தானும் அழுவது கேவலமாக இருந்ததால் அடக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அங்கே நீல வாளி இருந்தது. அதைப் பார்த்ததும் நின்றாள்.

டயர் மாற்றினாலும் சரி, வண்டி பட்டறைக்குப் போய் வந்தாலும் சரி, அப்பா முதலில் கேட்பது இந்த வாளியைத்தான். அம்மா முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து தெருவில் கொட்டுவாள். அப்பா அதில் வண்டியை இறக்கி, காய்ந்த தரையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கி வந்து தடத்தைக் குனிந்து பார்ப்பார். நல்ல வண்டியில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் ஈரத்திலேயே போகும். தரையில் இரண்டு கோடுதான் விழும். சட்டம் கோணினால் பின் சக்கரம் தனியாக விலகி நடக்கும். நான்கு கோடு விழும். காப்பகத்து வாசலிலும் இதையே செய்வார். வாசலைச் சேறாக்குகிறார் என்று டீச்சர் எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறார்.

வெளியே தலைவரின் குரல் கேட்டது. "தூக்குங்க. மெதுவா, மெதுவா. தலைப்பக்கம் உள்ள போகட்டும்." அப்பாவை வேனுக்குள் ஏற்றினார்கள். பிள்ளைகளின் இருக்கைகளை முன்தினமே கழற்றி வைத்திருந்தான் அண்ணன். அப்பாவின் மூச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். ஒரு பெண் விம்மினாள்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, வண்டிக்கு முன்னால் தெருவில் கொட்டினாள்.

"பாப்பா, என்ன பண்ற?" என்றார் தலைவர்.

"தூசி அடங்கட்டும் சித்தப்பா."

"விடுங்க, பொண்ணு நிதானத்துல இல்ல," என்றது ஒரு குரல்.

அண்ணன் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருக்க, முகம் மட்டும் மாறியது. இறங்க முடியாது, அப்பா பின்னால் இருந்தார். ஒதுக்கி ஓட்டவும் முடியாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள்.

வெயிலில் காய்ந்த தெரு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாளி போதவில்லை. அவள் குழாயடிக்குத் திரும்பினாள். அதற்குள் அம்மா வந்துகொண்டிருந்தாள், இன்னொரு வாளியை இரண்டு கையாலும் இடுப்போடு அணைத்துக்கொண்டு. யாரையும் பார்க்கவில்லை. இடது சக்கரம் போகும் இடத்தில் பாதி, வலது சக்கரம் போகும் இடத்தில் பாதி என்று நிதானமாக ஊற்றினாள். எத்தனையோ தடவை ஊற்றிய கை.

"கிளம்பலாம், கிளம்பலாம்," என்றார் தலைவர்.

வேன் தண்ணீரில் இறங்கி, ஏறி, காய்ந்த தெருவில் போனது. அண்ணன் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தான். வண்டி நேராகப் போயிற்று. வண்டியின் முகம் மட்டும் சற்றுத் திரும்பியிருந்தது. ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டுப் பின்னால் நடந்தார்கள்.

முதல் வரிசையில் நடந்த டீச்சர் நின்றார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் ஒரு கையை முழங்காலில் ஊன்றி, அப்பா குனிவது போலவே குனிந்து தரையைப் பார்த்தார். ஈரத் தடங்களை விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டினார். நான்காவது தடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

வேன் தெருமுனையில் திரும்பியது. டயர் தேயும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா காலி வாளியைக் குழாயடியில் கவிழ்த்து வைத்தாள்.