இரண்டு ஓடுதளங்களுக்கு நடுவே

அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திய அன்று, கிழக்கு விமான நிலையத்துக்கும் மேற்கு விமான நிலையத்துக்கும் நடுவே இருந்த தூரம் நாற்பது மைல் கூடியது. இரண்டுமே ஆளரவமற்ற பொட்டலில் இருந்த சின்ன நிலையங்கள். அவற்றுக்கு இடையே ஒரே ஒரு குட்டி விமானம் போய்வந்தது. கிழக்கில் ரேடியோவில் பேசுவது அக்கா, மேற்கில் தங்கை. சண்டைக்குக் காரணம் ஒரு போட்டோ. தங்கையின் கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட்டவன், உள்ளே அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டித் தொலைத்துவிட்டான். தங்கை வீட்டுக்கு ஆசையாகப் போன அக்கா, சுவரில் தன் முழங்கை மட்டும் தொங்குவதைக் கண்டாள். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கெல்லாம் இடம் இருக்கிறது, எனக்கு இல்லையா என்று கேட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். போகும்போது முக்கால் மணி நேரம் பிடித்த பயணம், திரும்பும்போது ஒரு மணி நேரத்தைத் தாண்டியது.

அதன்பிறகு ரேடியோவில் காற்று, மேகம், அவ்வளவுதான் பேச்சு. தூரம் நாளொரு மேனியாக வளர்ந்தது. கம்பெனி அனுப்பிய இன்ஜினியர் இன்ஜினைக் கழற்றிப் பார்த்தார், பைலட்டின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், வரைபடத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். நிஜக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு பேரிடம் போய்ச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. இரண்டு வருடத்தில், டேங்க் வழிய ஊற்றினாலும் போய்ச் சேராது என்ற நிலை வந்து, விமானம் மேற்கிலேயே நின்றுவிட்டது. தங்கைக்கு அப்போது நிறைமாதம். பிரசவம் பார்க்கும் டாக்டரோ கிழக்கில். அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, அப்படி ஒரு வீம்பு!

ஒரு காலையில், வானிலை சொல்லிக்கொண்டே வந்த தங்கை பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"வலி எடுத்துடுச்சா?" என்றாள் அக்கா.

"காத்து மேற்கேயிருந்து அடிக்குது."

"ஏய், உன்னைத்தான் கேக்கறேன்."

"பெட்ரோல் பத்தாதாம்க்கா. பயமா இருக்கு."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் கட்டிக்காத்த கோபம் எங்கே போனதோ. "என்னை வெட்டினா வெட்டிட்டுப் போ. நீ மட்டும் நல்லபடியா வந்து சேருடி. நான் இங்கேதான் நிக்கறேன்," என்றாள்.

ஆனது ஆகட்டும் என்று பைலட் தங்கையை ஏற்றிக்கொண்டு விமானத்தைக் கிளப்பினார். சக்கரம் எழும்பவே இல்லை. மேற்கின் ஓடுதளம் முடிகிற இடத்தில் கிழக்கின் ஓடுதளம் ஆரம்பித்திருந்தது. அங்கே அக்கா, டாக்டரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். சுகப்பிரசவம், பெண் குழந்தை. சீட் பெல்ட் போடக்கூட நேரமில்லை என்று பைலட் மட்டும் சில நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஜனங்கள் நடந்தே போய்வர ஆரம்பித்தார்கள். டிக்கெட் வாங்க நாதி இல்லை. கம்பெனி மேனேஜர் சகோதரிகளிடம் வந்து, நானும் பிள்ளைகுட்டிக்காரன், கொஞ்சம் மனசு வையுங்கள், லேசாக ஒரு மனஸ்தாபம் போதும் என்று கெஞ்சினார்.

"அக்கா தங்கச்சின்னா சண்டை வராமலா போயிடும்? பொறுங்க சார்," என்றாள் அக்கா.

மறுநாள், குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தது. அன்று விமானத்தில் பயணிகளுக்கு இரண்டு முறை காபி கொடுத்தார்கள்.