தனகோட்டி பாஸான கதை

1
இந்தக் கதை என் கையெழுத்தில்தான் தொடங்கியது. குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். செஞ்சியில் என் பக்கத்து வீட்டு வளர்மதி கேட்டாள் என்று, ஒரு தாளில் கொட்டை எழுத்தில் ஐந்து சொற்கள் எழுதிக் கொடுத்தேன்: ரயில், முட்டை, தொப்பி, நீலம், கிணறு.

2
ராஜகிரிக் கோட்டையின் மேல் சூரியன்...

(அடித்துவிட்டேன். செஞ்சி என்றால் கோட்டையைக் காட்டியே தீர வேண்டுமா?)

விஷயத்துக்கு வருகிறேன். வளர்மதியின் கணவன் தனகோட்டி, திண்டிவனம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன். ஒன்றரை வருடமாகிறது. மகள் பூங்குழலியின் பெயரே சில நாள் வராது. சென்னையில் ஒரு மருத்துவமனையில், நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து அவருக்கே செலுத்திப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார்கள். (பலிக்குமா? டாக்டர்களுக்கே தெரியாது. அதனால்தான் ஆராய்ச்சி.) முதல் ஞாபகச் சோதனையில் ஐந்து சொல்லில் ஒன்றுதான் சொன்னான். அடுத்த மாதம் மறுபடி பார்த்து முடிவு சொல்வதாக அனுப்பினார்கள்.

3
மகளை உட்கார வைத்துப் பத்தாவது பாஸ் பண்ண வைத்தவள் வளர்மதி. சும்மா இருப்பாளா? சோதனையில் கேட்ட ஐந்து சொல்லையும் நினைவில் வைத்து வந்து, என்னிடம் எழுதி வாங்கிய அந்தத் தாளைக் காட்டிக் காலையும் மாலையும் ஒப்பிக்க வைத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

மறுமுறையும் அதே சொற்கள். ஐந்தையும் சொன்னான். நன்றாகத் தேறிவிட்டார், இவருக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மார்க் குறைந்தவர்களைத்தான் அங்கே எடுப்பார்களாம்.

"நல்லா மார்க் எடுத்தாத்தான சேத்துக்குவாங்கன்னு நெனச்சேன்ணா," என்று அழுதாள். படித்தவன் எனக்கும் தோன்றவில்லையே. வெட்கமாக இருந்தது.

4
முடிவு ஒன்று: வளர்மதி உண்மையைச் சொல்கிறாள், இடம் கிடைக்கிறது, தனகோட்டி குணமாகி...

(இல்லை. அந்த ஆசையைக் காட்டமாட்டேன்.)

முடிவு இரண்டு: அவள் சொல்லாமலே...

(இதையும் முடிக்க முடியவில்லை.)

காரணம் தனகோட்டி. தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "நான் பாஸ்," என்கிறான். அடிபட்ட பிறகு அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

5
இன்று காலை மருத்துவமனையிலிருந்து போன். டாக்டருக்கே சந்தேகம். வளர்மதி போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு என்னிடம் கிசுகிசுத்தாள்.

"வீட்ல சொல்லிக் குடுத்தீங்களான்னு கேக்கறாருணா. ஆமான்னா திரும்பக் கூப்புடுவாராம். இன்னா சொல்றது?"

கட்டிலிலிருந்து தனகோட்டி எட்டிப் பார்த்தான். "இன்னா வளரு, டாக்டரா? நான் பாஸ்தானே?"

தாளை எழுதிக் கொடுத்தவன் நான். அவள் காத்திருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அவன் காதில் விழும், பார்த்துச் சொல்லுங்கள்.