பழைய பதினாலு

என் வரைபடத்தில், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு கல்லறை தேயிலைத் தொழிற்சாலையின் பாய்லர் அறைக்குள் இருந்தது. அதை அங்கே வைத்தது நான்தான்.

பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் தொல்லியல் துறையில் எனக்கு வேலை. நான் தோண்டுவதில்லை, பட்டியல்களைச் சேர்க்கிறேன். மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் துறை 1986இல் எடுத்த கணக்கெடுப்பு இருக்கிறது. அந்தப் பக்கம் மதுரையில் ஓர் ஆய்வு மையம் இப்போது எடுத்துவருகிறது. இரண்டையும் ஒரே அட்டவணையாக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். எங்கள் பட்டியல் மலையாளத்தில் 'முனியறை' என்று எழுதியதை அவர்கள் 'கல்திட்டை' என்று எழுதியிருப்பார்கள். பொருள் ஒன்றுதான்: பலகைக் கற்களை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே பெரிய கல்லொன்றை மூடியாக வைத்து, இறந்தவர்களுக்குக் கட்டிய அறை. நாங்கள் அடியில் அளந்ததை அவர்கள் மீட்டரில் அளந்திருப்பார்கள். எங்கள் எல்லையோர ஊரான வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தையன்று என் அத்தாவின் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர் கயிற்றை முழத்தில் கேட்பார், அடுத்தவர் மீட்டரில் கேட்பார். அத்தா ஒரே கயிற்றுக் கட்டிலிருந்துதான் இருவருக்கும் வெட்டுவார். என் வேலையும் பெரும்பாலும் அதுதான்.

சிக்கல் 'எங்கே' என்ற கட்டத்தில் வரும். மதுரைக்காரர்கள் செயற்கைக்கோளைக் கேட்டு இடத்தைக் குறிக்கிறார்கள். 1986இல் அந்த வசதி இல்லை. தேவிகுளத்துக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிய எஸ்டேட்டில் எங்கள் ஆய்வாளர் இப்படி எழுதிவைத்திருந்தார்: "14ஆம் நம்பர் ஃபீல்டு. ஓடைக்கு வடக்கே நூற்றிருபது அடி. முனியறை ஒன்று. மூடுகல் சேதமில்லை."

எஸ்டேட்டின் இன்றைய வரைபடத்தை வாங்கினேன். பதினாலாம் நம்பரைக் கண்டுபிடித்தேன். அதில் ஓடையும் இருந்தது. வடக்கே நூற்றிருபது அடி அளந்தேன். பாய்லர் அறை வந்தது. 'தொழிற்சாலை கட்டும்போது அழிந்திருக்கலாம்' என்று குறிப்பெழுதி, பட்டியலைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கேட்டவர்களில் அந்த எஸ்டேட் அலுவலகமும் ஒன்று.

இரண்டு மாதம் கழித்து மதுரை மையத்திலிருந்து வேல்முருகன் அழைத்தார். அந்தப் பக்கத்துப் பட்டியல் அவர் பொறுப்பு.

"ஏங்க ரஸியா, அடிவாரத்துல ஆரம்பிச்சு மல முகடு வரைக்கும் எங்களுக்கு இருபத்திமூணு கல்திட்ட இருக்கு. ஒரு பழைய பாதையை ஒட்டியே ஏறி வருது. கரெக்டா எல்லைக்கல்லுகிட்ட வந்து நின்னுபோகுது. செத்தவங்கள பொதைக்கிறப்ப செக்போஸ்ட்டு பாத்தா பொதைச்சாங்க?"

"எங்க பக்கம் ஒண்ணே ஒண்ணுதாங்க. அதும் மூணு கிலோமீட்டர் தள்ளி. ஃபேக்டரி கட்டறப்பவே போயிருச்சுங்க."

"ஃபேக்டரி எப்ப கட்டுனது?"

தேடிப் பார்த்தேன். 1962.

எங்கள் ஆய்வாளர் அதைப் பார்த்தது 1986இல். கட்டடம் வந்து இருபத்துநாலு வருடம் கழித்து, அதற்கு அடியில் இருந்த கல்லை 'சேதமில்லை' என்று ஒருவர் எப்படி எழுதுவார்? 1986 குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு எஸ்டேட் எடைக்கூடத்தில் இருந்தேன்.

கொழுந்துச் சாக்குகளை நிறுத்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் பெயர் ஆனந்தி. என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதைக் கேட்டதும் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார்.

"கேட்டீகளாடி, பாய்லர் ரூமுக்குள்ள கல்லறையாம். டீச்சர், அங்க வேல பாக்கிறவுகதான் பாதி செத்துக் கெடக்காக. கல்லறையெல்லாம் இல்ல."

சிரிப்பு அடங்கியதும் குறிப்பேட்டின் வரியைப் படித்துக் காட்டினேன். ஆனந்தி தராசிலிருந்து கையை எடுத்தார்.

"எந்த வருசம்னீக?"

"எம்பத்தாறுங்க."

"அப்ப அது எங்க பதினாலு. ஆபீஸ் பதினாலு இல்ல."

அவர் விளக்கியது இதுதான். எஸ்டேட்டில் ஒவ்வொரு தேயிலைக் காட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. 1998இல் கம்பெனி கைமாறியபோது புது நிர்வாகம் தொழிற்சாலையிலிருந்து தொடங்கி நம்பர்களை மறுபடி போட்டது. வரைபடம் மாறியது. பதிவேடு மாறியது. கொழுந்து எடுக்கிற பெண்கள் மாறவில்லை. ஆபீஸுக்குப் பதில் சொல்லும்போது 'ஒம்போது' என்பார்கள். தங்களுக்குள் அதே காட்டைப் 'பழைய பதினாலு' என்பார்கள்.

"அப்ப பழைய பதினாலுதான் இன்னைக்கு ஒம்போதுங்களா?"

"ஆமா." ஆனந்தி மேட்டுப் பக்கம் பார்த்தார். "ஒம்போதுலதான் இன்னைக்குக் கெழட்டுச் செடியப் பிடுங்குதாக. ஜேசிபி காலையிலயே ஏறிருச்சு."

ஒன்பதாம் நம்பரில் பழஞ்சின்னம் எதுவும் இல்லை என்று எஸ்டேட்டுக்கு எழுதிக்கொடுத்த பட்டியல் என்னுடையது.

ஓடினோம். மேட்டில் மஞ்சள் இயந்திரம் நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். உதவி மேலாளர் ஜோபி, கோட்டயத்து இளைஞர், நான் மூச்சிரைக்கச் சொன்னதைப் பொறுமையாகவே கேட்டார்.

"மேடம், லிஸ்ட்டு உங்க டிப்பார்ட்மெண்டு தந்ததல்லே? ஒன்பதுல ஒண்ணும் இல்லான்னு அதுலே உண்டு. அத வெச்சுத்தான் பெர்மிஷன் கிட்டினது. இப்போ இந்தச் சேச்சி சொன்னான்னு நான் எப்படி நிறுத்தும்? பதினொண்ணு மணிக்கு ஸ்டார்ட். அதுக்குள்ள பேப்பர்ல எதாவது காட்டுங்கோ."

அவர் சொன்னது நியாயம். மணி ஒன்பதே முக்கால். அந்தக் காடு நாற்பது ஏக்கர். செடிகள் இடுப்பளவு. ஓடை இப்போது குழாய்க்குள் போகிறது, எந்த இடத்திலிருந்து அளப்பது என்றே தெரியவில்லை.

வேல்முருகன் சொன்ன பாதை இங்கே எப்படி இறங்கும் என்று பார்க்க, அவருடைய இருபத்திமூன்று புள்ளிகளும் எனக்கு வேண்டியிருந்தன. அவை என் அட்டவணையில் இருந்தன, ஆனால் மங்கலாக. புதையல் தேடுகிறவர்களுக்குப் பயந்து, பொதுப் பட்டியலில் கல்லறைகளின் சரியான இடத்தைத் தரமாட்டார்கள். சில கிலோமீட்டருக்குள் எங்கோ என்றுதான் இருக்கும். துல்லியமான இடம் வேண்டுமென்றால் காரணத்தை எழுதி மதுரை மையத்தின் இயக்குநரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நல்ல விதி. போன மாதம்தான் நானே அதற்காக வாதாடியிருந்தேன்.

அங்கேயே நின்று கைபேசியில் எழுதினேன். "நான் வெளியிட்ட பட்டியலில் இந்த இடம் தவறு. தவறு என்னுடையது. பழைய நம்பரைப் புதிய நம்பராக எடுத்துக்கொண்டேன். பதினொரு மணிக்கு இங்கே இயந்திரம் இறங்குகிறது. துல்லியமான இடங்கள் உடனே வேண்டும்." இரு மாநிலத்தாரும் பார்க்கிற இணைய அட்டவணையில் என் பெயரோடு அதைப் போட்டேன்.

இருபது நிமிடத்தில் வேல்முருகனே அழைத்தார்.

"டைரக்டர் மேடம் ஓகே சொல்லிட்டாங்க, அனுப்பிட்டேன். திறந்து பாருங்க. நானும் லைன்ல இருக்கேன்."

திறந்தேன். இருபத்திமூன்று புள்ளிகளும் ஒரு பாதையின் வளைவுகளில் ஏறி ஏறி வந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும், மேடேறுகிறவரின் இடக்கைப் பக்கத்தில், ஒன்று. யாரோ நடந்திருக்கிறார்கள். உப்போ மிளகோ சுமந்து, தலைமுறை தலைமுறையாக, இறந்தவர்களை வழியோரத்தில் வைத்துவிட்டு நடந்திருக்கிறார்கள். கடைசிப் புள்ளி முகட்டில் இருந்தது. அங்கிருந்து பாதை எங்கள் பக்கம் இறங்கினால் முதல் திருப்பம் எங்கே வரும்?

தலையை நிமிர்த்தினேன். எதிரே சரிவு ஓரிடத்தில் மட்டும் தோள்போலத் திரும்பியது. கையை நீட்டினேன்.

"அங்க என்ன இருக்குதுங்க?"

"அங்கயா?" ஆனந்தி நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "சோத்துக்கல்லு. வட்டமா செடி இல்லாத எடம். பெரிய பாறை ஒண்ணு படுத்துக் கெடக்கும். அதுமேல உக்காந்துதான் மத்தியானம் தின்போம்."

வரிசைகளுக்கு நடுவே நுழைந்து போனோம். ஜோபியும் பின்னால் வந்தார். கல் பழுப்பாக, தட்டையாக, ஒரு கட்டில் அளவில் கிடந்தது. மேலே ஊறுகாய்க் கறை. ஓர் உடைந்த டிபன் மூடி.

"பாறைதானே இது," என்றார் ஜோபி. "மலையில பாறை எல்லா எடத்தும் உண்டு."

பாறையா கல்திட்டையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று வேல்முருகனிடம் கேட்டேன்.

"கிழக்கு எந்தப் பக்கம்?" என்றார் அவர்.

சூரியனைப் பார்த்துச் சொன்னேன்.

"எங்க இருபத்திமூணுலயும் கிழக்குப் பலகைல வட்டமா ஒரு ஓட்டை. இடுதுளைன்னு சொல்லுவோம். ஆன்மா போக வரன்னு சிலர், படையல் வைக்கன்னு சிலர், எங்களுக்கு இன்னும் தெரியாது. ஆனா இருபத்திமூணுலயும் இருக்கு. மூடுகல்லோட விளிம்புலருந்து ஒரு சாண் கீழ. தோண்டாதீங்க. சருக மட்டும் ஒதுக்குங்க."

ஆனந்தி மண்டியிட்டார். மூடுகல்லின் கிழக்கு விளிம்புக்கடியில் சேர்ந்திருந்த காய்ந்த இலைகளையும் பாசியையும் கொழுந்து கிள்ளுகிற அதே விரல்களால் விலக்கினார். நிமிர்ந்து நிற்கும் ஒரு பலகையின் முகம் தெரிந்தது. ஒரு சாண் அளந்தார். விரல் வழுக்கி உள்ளே போனது.

"யாத்தீ!" கையை வெடுக்கென்று இழுத்தார்.

வளைவு ஒன்று இருந்தது. வானவில்லின் மேல்பகுதிபோல, யாரோ கல்லால் கல்லைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய வளைவு. அதன் கீழே இருட்டு. உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

மதுரையில் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்திருப்பவர் இந்தக் கல்லைப் பார்த்ததில்லை. அவர் எண்ணியது வேறு இருபத்திமூன்று கற்களை. அந்த எண்ணிக்கை மலையேறி, எல்லைக்கல்லைத் தாண்டி, ஆனந்தியின் விரல் எங்கே வழுக்கும் என்று முன்கூட்டிச் சொல்லியது. பட்டியல் சேர்க்கிற வேலைக்கு வந்து பதினோரு வருடமாகிறது. பட்டியல் தானாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"ஹலோ? இருக்கா?" வேல்முருகனின் குரல் கைபேசியில் கேட்டது.

"இருக்குதுங்க."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

ஜோபி குனிந்து துளையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து மேட்டைப் பார்த்துக் கத்தினார். "எடா, வண்டி எடுக்க வேண்டா! வேண்டா!" திரும்பி என்னிடம், "மேடம், புதிய லிஸ்ட்டு இன்னைக்கே மெயில் செய்யணும். ஒன்பது முழுசும் நிறுத்தறேன்," என்றார்.

கல்லில் சாய்ந்தபடி புதிய வரியை நிரப்பினேன். எண் 24. இடத்துக்குச் செயற்கைக்கோளைக் கேட்டேன். பக்கத்தில் 'பழைய 14, இன்றைய 9' என்று இரண்டையும் எழுதினேன், அடுத்து வருகிறவர் என்னைப்போல் ஏமாறக் கூடாது. 'கண்டவர்' என்ற கட்டத்தில் 1986 ஆய்வாளரின் பெயருக்குக் கீழே ஆனந்தி என்று எழுதிக் காட்டினேன்.

அவர் அதைப் படித்தார். பிறகு சோத்துக்கல்லைப் பார்த்தார்.

"அது சரி டீச்சர். நாளைக்கு நாங்க எங்க உக்காந்து சோறு திங்க?"

ஜோபி சரிவுக்குக் கீழே, பாதை அடுத்து எங்கே திரும்பியிருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் செடி வளராத ஒரு வட்டம் இருந்தது.

"அங்கே மட்டும் வேண்டா," என்றார்.