கண் திரும்பி வந்த பிறகு

பணிமனையில் அவரை எல்லாரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியும் ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர் என்பதால் வந்த பெயர். நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு காலை, சிக்னலில் நிற்கும்போது, வலது கண்ணுக்குள் கறுப்பு மை கொட்டியதுபோல ஒரு கறை இறங்கியது. அவர் வண்டியை ஓரம்கட்டினார். பயணிகளைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சர்க்கரை வேலையைக் காட்டிவிட்டது, விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் கண் டாக்டர்.

சிகிச்சை நடந்தது. ஓர் அறுவை, ஆறு மாதம் மருந்து என்று போயும் பார்வை பாதிகூடத் தெளியவில்லை. நிர்வாகம் அவரைப் பணிமனையின் பின்கட்டில் இருந்த தொலைந்த பொருள் அறைக்கு மாற்றியது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கூரைவரை இரும்பு அலமாரிகள். பஸ்ஸில் ஜனங்கள் விட்டுப்போனதெல்லாம் அங்கே வந்து சேரும். குடைகள், மூக்குக்கண்ணாடிகள், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு முழு ஜன்னல் கதவு.

முதல் மூன்று மாதம் அவர் கடவுளோடு சண்டை போட்டார். ஓட்டுகிற காலத்தில் அவருடைய ஜெபம் இரண்டே வார்த்தை: "ஆண்டவரே, காப்பாத்தும்." சாவியைத் திருகும்போது சொல்வது. இப்போது பத்து மணிவரை அறைக்கு யாரும் வருவதில்லை. பேச நேரம் நிறைய இருந்தது. பேச்சில் பாதி குறைதான். "உங்களுக்கு என்ன கெட்டது செஞ்சேன்?" என்று குடைகளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் குழாய் வேலை செய்கிற ஒருவர் மேல்வரிசைப் பல்செட்டைத் தேடி வந்தார். அலமாரியில் மூன்று இருந்தன. "கழுவித் தந்தா போட்டுப் பாத்துருவேன்" என்றார் அவர். இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது என்னோடது இல்ல. ஆனா என்னோடதவிட நல்லாருக்கு" என்றார். மூன்றாவதுதான் அவருடையது. மனமில்லாமல் அதை வாங்கிக்கொண்டு போனார். நிதானம் அன்று மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தார்: கோபத்தைக் காணோம். எப்போது போனதென்றே தெரியவில்லை. குடைகளுக்கு அடையாளச் சீட்டுக் கட்டியபடி ஆண்டவரோடு சும்மா பேசிக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் அப்படியே.

சபையில் போதகருக்கு விஷயம் தெரிந்தது. முப்பத்தைந்து வயதுகூட ஆகாத மனிதர். "அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்க சாட்சி சொல்லணும். எந்த நிலைமையிலயும் மனரம்மியமா, இருக்கறது போதும்னு இருக்கறதுன்னா என்னன்னு இவங்களுக்குத் தெரியட்டும்" என்றார். நிதானம் எழுந்து நின்று சொன்னார். பஸ் போனது, கண் போனது, ஆனால் சமாதானம் வந்தது என்றார். சொல்லும்போது அது உண்மையாகவே இருந்தது. பெண்கள் பக்கம் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவருடைய மனைவி மட்டும் பாட்டுப் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு மாதம் கழித்து இரண்டாவது அறுவைச் சிகிச்சை நடந்தது. அதுவும் மனைவி விடாமல் பிடித்து இழுத்துப்போனதால்தான். கட்டுப் பிரித்து, சில வாரம் போய், டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். நிதானம் கடைசி வரிவரை வாசித்தார். மருத்துவக் குழு தகுதிச் சான்று கொடுத்தது. பழைய தடத்திலேயே திங்கட்கிழமை முதல் ஓட்டலாம்.

மனைவி ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கோ அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. சந்தோஷம்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஒட்டவில்லை.

ஞாயிறு மதியம் மனைவி அவருடைய சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். துணியில் ஒரு சுருக்கம் தப்பாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எழவு வீட்ல உக்காந்த மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணரை வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் பட்டினி கெடந்து ஜெபம் பண்ணது இந்த மூஞ்சியப் பாக்கவா?"

"நான் கேக்கவே இல்லையே."

"எத?"

"கண்ண. கேக்கறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. இருக்கறதே போதும்னு இருந்துச்சு."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவள் அதை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப நான் மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருந்தேனா?" குரல் ஏறவில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "உங்களுக்குச் சமாதானம் வந்துருச்சு. நல்லது. ஆனா வீட்ல யாராவது ஒருத்தர் கவலப்பட்டாகணும்ல? டாக்டர் தேதி, மாத்திரை, எந்த வேளைக்கு எந்தச் சொட்டு மருந்து... எல்லாம் என் தலைல விழுந்துச்சு. நீங்க அங்க எழுந்து நின்னு மனரம்மியம்னு சொன்னப்போ, எனக்கு எழுந்து வெளிய போயிரலாம்னு இருந்துச்சு."

கடவுள் தந்தது என்று அவர் நம்பியது, பக்கத்தில் இருந்தவளின் முதுகில் ஏறி உட்கார்ந்துதான் கிடைத்ததா? அப்படியானால் அது என்ன? விசுவாசமா, சோம்பலா? அந்த அறையில் யாரும் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதைத்தான் சமாதானம் என்று நினைத்துக்கொண்டாரோ? எந்தப் பக்கம் திருப்பினாலும் கேள்வி முட்டிக்கொண்டு நின்றது.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றார் கடைசியில். "மறுபடி ஓட்டப் பயமா இருக்கு."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்?" என்று சட்டையின் மறுகையை எடுத்து விரித்தாள். அவள் கத்தவே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பணிமனையில் மாலை போடாத குறை. அவருடைய நடத்துநர் வாயிலேயே விசில் அடிப்பவர், பெயரும் 'விசில்'தான். "அண்ணே, உங்க சாமி மொதல்ல கண்ண வாங்கிட்டு, நீங்க ஒழுங்கா இருக்கீங்களான்னு பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருச்சு, பாத்தீங்களா?" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் நிதானத்துக்கு அது முள்ளாகக் குத்தியது. தான் அமைதியாக இருந்ததற்குக் கூலியா இது? கூலி என்றால், நாளைக்குக் கோபப்பட்டால் பிடுங்கிக்கொள்வாரா?

முதல் வாரம் ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. கண் நன்றாகத் தெரிந்தது. எல்லாம் அளவுக்கு மீறித் தெரிந்தது. கண்ணாடியில் ஒரு நிழல் ஆடினாலும் கறை இறங்குகிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒன்றுமில்லாதபோது இருந்த நிம்மதி எல்லாம் கிடைத்தபோது எங்கே போய்த் தொலைந்தது? இழக்க ஏதாவது இருக்கிறவனுக்கு அது கிடையாதா?

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கேட்டேவிட்டார்.

"பாஸ்டர், வேதத்துல அப்போஸ்தலர் சிறைக்குள்ள இருந்து எழுதுனார்ல, இல்லாமையில எப்படி இருக்கறதுன்னு தெரியும், நிறைவுல எப்படி இருக்கறதுன்னும் தெரியும்னு. இல்லாமை சரி. நிறைவா இருக்கறதுக்கு எதுக்குய்யா ஒருத்தன் பாடம் படிக்கணும்?"

போதகர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே யோசித்தார். "அண்ணே, உண்மையச் சொல்றேன். அந்தப் பாதிய நான் பிரசங்கமே பண்ணதில்ல. கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு ஆறுதலா மொதப் பாதிய மட்டும் சொல்லிட்டு விட்டுருவேன்." இன்னொரு நாற்காலியைத் தூக்கி வைத்துவிட்டு, "ஆனா அவர் கத்துக்கிட்டேன்னுதான சொல்றார்? அப்ப அதுக்கு முன்னாடி அவருக்கும் தெரியாமத்தான இருந்திருக்கும்?" என்றார்.

அது பதிலா என்று நிதானத்துக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமாக மிச்ச நாற்காலிகளை அடுக்கினார்கள்.

அடுத்த புதன்கிழமை காலை, நகரத்தின் நடுவில் தண்ணீர்க் குழாய் வெடித்துச் சாலை குளமாகிவிட்டது. பஸ் நாற்பது நிமிடம் ஓர் அங்குலம் நகரவில்லை. உள்ளே எழுபது பேர். ஒருவர் மேலாளரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள், "டிரைவர், பறந்து போக வேற பட்டன் இல்லையா?" என்று கேட்டுச் சிரிப்பை வாங்கினாள். பின்னால் லாரி ஒன்று ஹாரனிலேயே படுத்துவிட்டது. விசில் எல்லாரையும் சமாதானப்படுத்திக் களைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நிதானம் என்ஜினை அணைத்தார். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. பெரிய ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. இது திரும்பப் போயிருமோன்னு இருக்கு. அவளத் தனியா விட்டுட்டேன். ஒண்ணும் புரியல" என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான். வானத்திலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் கேட்கிறவர் இருக்கிறார் என்பது மட்டும் அவருக்கு வெகு சாதாரணமாகத் தெரிந்தது, இருக்கையும் கியரும் கையில் தட்டுப்படுவதுபோல. பயம் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, இன்னொரு பக்கம் இதுவும் உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

காவலர் கை காட்டினார். வரிசை நகர்ந்தது. அவர் சாவியைத் திருகினார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து மிச்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அடுத்த கண் பரிசோதனை என்னிக்கு?"

"பதினேழாம் தேதி. ஏன்?"

"நான் எழுதி வச்சுக்கறேன். இனிமே அத நீ நெனப்புல வச்சிருக்க வேண்டாம்."

நறுக்குகிற சத்தம் கொஞ்சம் மெதுவானது.

"இன்னிக்கு நாப்பது நிமிஷம் நடுரோட்டுல நின்னேன்" என்றார். "பயமும் இருந்துச்சு. நல்லாவும் இருந்துச்சு."

"அது மனரம்மியமா, வயசாயிருச்சா?"

"தெரியல."

"பசிக்குதா?"

"அது நல்லாத் தெரியுது."

அவள் சிரித்தபடி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.