டாலியாவின் பூட்டு

பர்ரா என்ற ஊருக்கு வடக்கே, காற்றாலை உச்சியில் பதினேழு வயது பயிற்சிப் பணியாளர் டாலியா மூடியைத் திறந்து பார்த்தாள். ஜெனரேட்டரின் சுழலும் சுருளுக்கு மின்சாரம் ஊட்டும் கரித்துண்டுகள் தேய்ந்து, வளையங்களில் கரித்தூள் அப்பிக் கிடந்தது. போன வருடம் இதேபோல் ஒரு ஜெனரேட்டர் எரிந்தபோது, ஏறிப் பார்க்காமலே சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்த மேற்பார்வையாளர் குரோகன், அவள் அண்ணன் டார்சி மேல் பழி போட்டு வேலையிலிருந்து துரத்தினான்.

ரேடியோவில் குரோகன் கத்தினான். "தாள்ல டிக் அடிச்சிட்டு பூட்ட எடு. காத்து வீணாப் போகுது."

வேலைக்கு முன் காற்றாலையை நிறுத்திப் பூட்டுப் போட்டவர்தான் அதை எடுக்க வேண்டும். அதுவரை காற்றாலை ஓடாது.

"மாட்டேன். பயமா இருக்கு. நீங்களே ஏறி வந்து பாருங்க."

"என் முட்டி வலி தெரியும்ல?"

"டார்சிய தொரத்துனப்ப முட்டி நல்லாத்தானே இருந்துச்சு?"

ரேடியோவில் மற்ற ஆட்கள் சிரித்தார்கள். மேலாளரின் குரல் குறுக்கிட்டது. "ஏறுங்க, குரோகன்."

எண்பது மீட்டர் ஏணி. ஒவ்வொரு படிக்கும் அவன் மூச்சிரைப்பதை டாலியா ஆசை தீரக் கேட்டாள்.