வலிக்காத இடம்

சந்தேகம் எல்லோருக்கும் வரும், போகும். டெய்லர் வீட்டம்மாவிடம் மட்டும் அது நிரந்தரமாகக் குடியிருந்தது. பால் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். மெக்கானிக் ஃபேனைக் கழற்றினால் அவன் கையையே பார்த்துக்கொண்டு ஏணிக்குக் கீழே நிற்பாள். கட்டிய கணவரே அவளுக்கு சிஐடி என்று பெயர் வைத்தார். அது தெரு முழுக்கப் பரவி, கடைசியில் கூரியர் கொண்டு வருகிறவன்கூட "சிஐடி அம்மா வீடுதானே?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. அவளுக்கு அதில் கோபமே கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான்.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டுக்குள் யாரோ ஒரு நர்ஸ் பெண்ணைக் கொண்டுவந்து விட்டால் சும்மா இருப்பாளா?

கொண்டுவந்து விட்டது மகள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன டெய்லருக்கு ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி, ஸ்டென்ட் வைத்து, ஒரு பை நிறைய மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, இதயம் படபடக்காமல் நிதானமாக அடிக்க ஒன்று. போதாததற்குப் பல வருஷத்துச் சர்க்கரை, அதற்கு வேளாவேளைக்கு இன்சுலின் ஊசி.

"உன்னால தனியா சமாளிக்க முடியாதும்மா. ஒரு மாசம் நர்ஸ் இருக்கட்டும்" என்றாள் மகள்.

"ஏன் முடியாது? இத்தனை வருஷமா உங்கப்பாவுக்கு ஊசி போட்டது யாரு, உன் மாமியாரா?"

மறுநாளே ஏஜென்சியிலிருந்து நர்ஸ் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

இந்த ஊசி விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாழ்நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்தியவர்தான் டெய்லர். ஆனால் அது தன் உடம்பில் ஏறப் போகிறது என்றால் போதும், கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். ஆரம்பத்தில் அவர் துடிப்பதைப் பார்த்து அவளுக்கும் கண் கலங்கும். அங்கே இங்கே போட்டுப் பார்த்து, தொப்புளுக்கு வலது பக்கத்தில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தாள். அங்கே போட்டால் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்றிலிருந்து எப்போதும் அதே இடம்தான். "உன் கைக்கு ஒரு ராசி இருக்குடி" என்றார் ஒருநாள். கல்யாணமாகி அவர் வாயிலிருந்து உதிர்ந்த பாராட்டுகளை விரல் விட்டு எண்ணலாம் என்பதால், அதை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

சர்க்கரை மட்டும் இறங்கின பாடில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு இன்சுலின் அளவைக் கூட்டினார். ஊசி போட்டும் இறங்கவில்லையென்றால் என்ன அர்த்தம்? இந்த மனுஷன் திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறார் என்று அர்த்தம்! அவர் சட்டைப் பையை உதறிப் பார்த்தாள். தையல் மெஷின் டிராயரைக் குடைந்தாள். வாயை ஊதச் சொல்லி மோந்துகூடப் பார்த்தாள்.

"சத்தியமா நான் எதையும் தொடலடி" என்று தலையில் அடித்துக்கொள்வார் டெய்லர்.

"சத்தியத்த எல்லாம் கடைத்தெருவுல வச்சுக்கோங்க. என்கிட்ட வேணாம்."

நர்ஸ் வந்த முதல் நாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டெய்லரின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். அந்த வலது பக்கத்து இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இங்க ஒரே தடிப்பா இருக்கேம்மா. இனிமே இங்க போட வேண்டாம், மாத்தி மாத்திப் போடணும்."

"தொப்பைன்னா தடிப்பாத்தான் இருக்கும். உங்க ஊர்ல எல்லாம் தட்டையாவா இருக்கும்?"

நர்ஸ் சிரித்துவிட்டுத் தொடையில் போட்டாள். டெய்லர் "ஐயோ!" என்று அலறியது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சிஐடிக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிற்று என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்த நொடியே மூக்கில் வியர்த்தது. நல்ல இடம் ஒன்று இருக்கும்போது இவள் எதற்கு வேறு இடம் தேடுகிறாள்? அன்றைக்குத் தொடை, மறுநாள் வயிற்றின் இடது பக்கம், அதற்கடுத்த நாள் கை. ஏதோ இருக்கிறது.

அதிலிருந்து நர்ஸைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தாள். இன்சுலின் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் பின்னாலேயே போய் நிற்பாள். இதய மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் நர்ஸ் டெய்லரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாள். அது எதற்கு?

"பல்ஸ் ரொம்பக் குறைவா இருந்தா இந்த மாத்திரை குடுக்கக்கூடாதும்மா. அதான் பாத்துட்டுக் குடுக்குறேன்."

"பாரு பாரு. அதுக்கு இவ்வளவு நேரம் கையப் புடிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

டெய்லருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த வயசுல என்னைக் கடத்திட்டுப் போறதுக்கு யாருடி வருவா?" என்றார். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் சர்க்கரை இறங்கியது. காலையில் விரலைக் குத்திப் பார்க்கும்போதெல்லாம் மெஷினில் நல்ல எண்ணாக வந்தது. நர்ஸுக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா, நல்லா கன்ட்ரோலுக்கு வருது!" இத்தனை வருஷம் தான் போட்டு இறங்காத சர்க்கரை, நேற்று வந்த இவள் போட்டால் மட்டும் எப்படி இறங்கும்? ஒன்று மெஷினில் ஏதோ பித்தலாட்டம். இல்லையென்றால் பாட்டிலில் வேறு எதையோ கலக்கிறாள். இரண்டில் எது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

டெய்லரும் முன்னைப் போல இல்லை. மத்தியான வேளையில் ஒரு மாதிரி மந்தமாக உட்கார்ந்திருந்தார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். சர்க்கரை தாழ்ந்துபோனால் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். முன்பு ஒருநாள் அவர் சாப்பிடாமல் கல்யாணத் துணி தைத்துக்கொண்டிருந்தபோது பார்த்திருக்கிறாள். கையெல்லாம் வெடவெடவென்று நடுங்கும், நெஞ்சு மெஷின் ஓடுகிற மாதிரி அடித்துக்கொள்ளும். இப்போது நடுக்கமும் இல்லை, படபடப்பும் இல்லை. லேசாக வியர்த்தது, அவ்வளவுதான். அப்படியென்றால் இது சர்க்கரை இல்லை. இந்தப் பெண் எதையோ கொடுத்து அவரை மயக்கத்திலேயே வைத்திருக்கிறாள்.

அன்றைக்கு மத்தியானம் நர்ஸ் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு நாளா டல்லா இருக்காரும்மா. ஒரு தடவ சுகர் பாத்துடுறேன்."

"காலைலதான குத்துன? மனுஷன் விரலா, இல்ல குண்டூசி குத்துற மெத்தையா? ஒண்ணும் வேணாம், போ."

"ஒரு சொட்டுதாம்மா..."

"போன்னா போ."

நர்ஸ் தயங்கி நின்றாள். பிறகு மெஷினை மேஜைமேல் வைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனாள். டெய்லர் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தானைப் போட முயன்றார். எத்தனை ஆயிரம் சட்டைக்குப் பொத்தான் தைத்த கை அது! ஒரு துளைக்குள்கூட நுழைக்கத் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நனைந்திருந்தது.

"என்னங்க, என்ன செய்யுது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு? அளவு குடுக்க வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்படியே கட்டிலில் சரிந்தார்.

அவள் மேஜைக்கு ஓடினாள். தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் வாயில் வைத்து ஊற்றப் போனாள். அந்த நேரத்தில் நர்ஸ் உள்ளே நுழைந்தாள். நுழைந்தவள் ஒரே ஓட்டமாக ஓடி வந்து டம்ளரைத் தட்டிவிட்டாள்.

"ஊத்தாதீங்க! மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்!"

"அடிப்பாவி! வாயில தண்ணி ஊத்தக்கூட விட மாட்டியா? என்னத்தடி குடுத்த அவருக்கு?"

"அம்மா, தள்ளுங்க, சுகர் பாக்கணும்..."

"தொடாத! அவர் மேல கை வச்ச, நடக்குறதே வேற!"

கட்டிலுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் வந்தாள், இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம் வந்தாள். நர்ஸ் கெஞ்சினாள், அழுதாள், கடைசியில் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு, வந்தது வரட்டும் என்று அவளை ஒரே தள்ளாகத் தள்ளினாள். விரலைக் குத்தினாள். மெஷினில் வந்த எண்ணைப் பார்த்ததும் நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. டெய்லரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் செலுத்தினார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்டுவதற்குள் டெய்லர் கண்ணைத் திறந்து, "என் சட்டைய யாரு இப்படிப் போட்டுவிட்டது?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் சிஐடி யாரையும் பேச விடவில்லை. "டாக்டர், முதல்ல போலீசக் கூப்பிடுங்க. இந்தப் பொண்ணு என் வீட்டுக்காரருக்கு எதையோ கலந்து போட்டிருக்கா. இவ வந்த நாள்லேருந்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." மகளும் அலுவலகத்திலிருந்து பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டாள். நர்ஸ் சுவரோரமாக நின்று துப்பட்டாவின் முனையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் டெய்லரின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலது பக்கத்தில் அவர் விரலும் நின்றது.

"இங்க யாரு ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க?"

"நான்தான்" என்றாள் அவள் நெஞ்சை நிமிர்த்தி. "அங்க போட்டா அவருக்கு வலிக்கவே வலிக்காது. வேணும்னா அவரையே கேளுங்க."

"வலிக்காதும்மா. ஒரே இடத்துல வருஷக்கணக்கா குத்தினா உள்ள கொழுப்பு கட்டியாயிடும். உணர்ச்சியும் போயிடும். அதுக்குள்ள போட்ட மருந்தும் ஒழுங்கா ரத்தத்துல சேராது. நீங்க போட்டதுல பாதிகூட வேலை செஞ்சிருக்காது. சர்க்கரை இறங்கலைன்னு அளவ கூட்டிக்கிட்டே போயிருக்காங்க. இப்ப நல்ல இடத்துல போட்டதும் அந்தப் பெரிய அளவு முழுசா வேலை செஞ்சிருக்கு."

"அப்ப... கை நடுங்கவே இல்லையே டாக்டர்? சர்க்கரை குறைஞ்சா நடுங்குமே?"

"இதயத்துக்குக் குடுக்குற மாத்திரை அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிடும். வேர்வை மட்டும்தான் தெரியும்." பிறகு நர்ஸ் பக்கம் திரும்பினார். "இடத்த மாத்துனது சரி. அளவ குறைக்கணுமான்னு எங்கள்ல யார்கிட்டயாவது கேட்டியா? கட்டிய தொட்டுப் பாத்த இல்ல?"

நர்ஸ் ஓரடி முன்னால் வந்தாள். "கேக்கல சார். சுகர் இறங்குதுன்னு சந்தோஷமா இருந்துட்டேன்."

"நல்ல சந்தோஷம்" என்றுவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வராந்தாவுக்கு வந்ததும் மகள் போனை எடுத்தாள். அப்பாவைச் சாகடிக்கப் பார்த்தார்களே என்ற கொதிப்பு அவளுக்கு. ஏஜென்சிக்காரனைப் பிடித்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து, "புகார் குடுங்க மேடம், இன்னைக்கே அந்தப் பொண்ண நிறுத்திடுறோம், வேற எங்கயும் வேலை கிடைக்காத மாதிரி பண்ணிடுறோம்" என்று குரல் கேட்டது. நர்ஸுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அழக்கூடச் செய்யாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நீ கூடவே இருந்தவ. நடந்தத நீயே சொல்லு" என்று மகள் போனை நீட்டினாள்.

சிஐடி போனை வாங்கிக் காதில் வைத்தாள். இத்தனை நாளாகச் சேர்த்து வைத்த குற்றச்சாட்டெல்லாம் நுனி நாக்கில்தான் இருந்தது. கூடவே மேஜைமேல் கிடந்த மெஷினும், தட்டில் கிடந்த பாதிச் சாப்பாடும், குறுக்கே விரித்து நின்ற தன் இரண்டு கையும் வந்து நின்றன.

"அந்தப் பொண்ணு மத்தியானமே சுகர் பாக்க வந்துச்சு. நான்தான் பாக்க விடல" என்றாள். "மயங்கிக் கெடந்தப்பவும் கிட்ட விடல. என்னத் தள்ளிட்டுத்தான் காப்பாத்துச்சு. அது ஒரு தப்பு பண்ணிச்சுன்னா நான் பல வருஷம் பண்ணியிருக்கேன். புகாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. வைங்க போன."

மகள் போனை வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க உள்ளே போனாள். வராந்தா பெஞ்சில் இவர்கள் இருவர் மட்டும். நர்ஸ் அழ ஆரம்பித்தாள். அழுது முடிக்கும்வரை சிஐடி சும்மா இருந்தாள். ஆனால் அவள் புத்தி சும்மா இருக்கிற புத்தியா? எதையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தே பழகிய புத்தி, தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பல வருஷம் ஊசி சேரவில்லை. பல வருஷம் சர்க்கரை இறங்கவில்லை. அந்த மனுஷன் ஒரு இனிப்பையும் தொடவில்லை, செய்த சத்தியமெல்லாம் உண்மை. அவ்வளவு சர்க்கரையும் இத்தனை காலம் அவர் ரத்தத்திலேயே ஓடியிருக்கிறது. அந்த ரத்தம் ஓடுகிற குழாயில்தானே...

அவள் நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா," என்றாள். "அவருக்கு நெஞ்சுல அடைப்பு வந்துச்சே. அது இதனாலதானா? நான் போட்ட ஊசியாலயா?"

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பார்வையை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"சேச்சே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அது வேற, இது வேற."

பொய் சொல்கிறவர்களை வாசலில் கால் வைக்கும்போதே கண்டுபிடிக்கிறவள் அவள். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவள் நர்ஸின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றாள்.

நர்ஸ் இன்னொரு தடவை சொன்னாள்.