இல்லாத வழக்குக்கு ஒரு நகல்

டெல்மர் ஸ்ட்ரவுட் தன்மேல் எப்போதோ போடப்பட்ட வழக்கைத் தேடிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் பிளெட்சர் கவுண்டியின் மாவட்டக் கோர்ட்டுக்கு வந்தான். தன் வழக்கைத் தானே போய்த் தேடுகிறவனை ஊரில் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவனுக்கு அது வேண்டியிருந்தது. அது கிடைக்காவிட்டால் ஜூனி கிடைக்கமாட்டாள்.

ஜூனி அவன் தங்கை ரோண்டாவின் மகள். ஏழு வயது. ரோண்டா முதுகுவலி மாத்திரையில் ஆரம்பித்து வேறு எதிலெதிலோ போய் விழுந்து, போன பிப்ரவரியில் குளியலறைத் தரையில் செத்துக் கிடந்தாள். குழந்தையின் அப்பன் யாரென்று அவளுக்கே நிச்சயமில்லை. கவுண்டிக்காரர்கள் ஜூனியைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் வைத்தார்கள், பிறகு இன்னொரு வீட்டில், பிறகு மூன்றாவதாக ஒன்றில். "என் தங்கச்சி பொண்ணு, நான் வளர்க்கிறேன்" என்று டெல்மர் போய் நின்றான். வந்து அவன் வீட்டைப் பார்த்தார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். வேட்டைத் துப்பாக்கி பூட்டில் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். அப்புறம் அவன் விரல்ரேகையை எடுத்து மாநிலத் தலைநகருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்துதான் வந்தது ஏழரை.

மாநில போலீஸ் கம்ப்யூட்டரில் அவன் பெயரில் ஒரே ஒரு வரி இருந்தது. சிறுமியைக் கடத்தியதற்காகக் கைது. வழக்கின் முடிவு தெரியவில்லை.

"தெரியலைன்னா என்ன அர்த்தம் மேடம்? கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. அதோட முடிஞ்சுபோச்சு" என்றான் டெல்மர், குழந்தைகள் நல அலுவலகத்து மிஸ் ஓக்லியிடம்.

மிஸ் ஓக்லி கெட்டவள் இல்லை. அவளைக் கெட்டவளாக்கிவிட்டால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபம், ஆனால் அவள் அப்படி இல்லை. "நீங்க சொல்றதை நான் நம்பறேன் மிஸ்டர் ஸ்ட்ரவுட். ஆனா நான் நம்பறதை ஃபைல்ல வைக்க முடியாதே. கேஸ் நடந்த கவுண்டி கோர்ட்டுக்குப் போங்க. அது எப்படி முடிஞ்சதுன்னு முத்திரை போட்ட நகல் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. வியாழக்கிழமை விசாரணை. தலைநகர்ல ஒரு தம்பதி ஜூனிக்காகக் காத்துட்டிருக்காங்க. நல்ல மனுஷங்க. உங்க பேப்பர் வரலைன்னா நீதிபதி அவங்ககிட்டதான் குடுப்பார்."

கடத்தல் என்கிற அந்தப் பெரிய வார்த்தைக்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான். டெல்மருக்கு அப்போது பத்தொன்பது வயது, ரோண்டாவுக்கு ஒன்பது. அம்மாவின் இரண்டாவது புருஷன் வெர்ஜில் பெல்ட்டைக் கழற்றினால் அம்மா அடுக்களைக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் டெல்மர் தன் டிரக்கைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி, தங்கையைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் இருந்த அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். வெர்ஜில் போலீஸுக்குப் போனான். பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் மடக்கிப் பிடித்தார்கள். ரோண்டா அப்போது கையெல்லாம் வழிய ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். அவள் முதுகில் பெல்ட் தழும்பைப் பார்த்த பிறகு அரசு வக்கீலே வேண்டாமென்றுவிட்டார். வழக்கைத் தள்ளினார்கள். வெர்ஜிலும் அந்தக் குளிர்காலத்துக்குள் ஊரைவிட்டு ஓடிப்போனான்.

கோர்ட்டில் நகல் கேட்கிற ஜன்னலுக்கு முன்னால் டெல்மருக்கு முந்தி லைல் பாட்கின் நின்றிருந்தான். பெண்டாட்டியின் தாடையை உடைத்து, குற்றம் நிரூபணமாகி, ஜெயிலுக்கும் போய்விட்டு வந்தவன். லாரிக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைக்கிறமாதிரி இருக்கிறதாம், பழைய தீர்ப்பின் நகலைக் கேட்டார்களாம். ஜன்னலுக்குள் இருந்த ஆர்டித் பெயரைத் தட்டினாள், அச்சடித்தாள், முத்திரையை ஓங்கிக் குத்தினாள். ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"என்னடா டெல்மர், நீயுமா? உனக்கென்னடா இங்க வேலை? உன்னை எல்லாரும் உத்தமன்னுல்ல சொல்லிட்டுத் திரியறாங்க" என்று காகிதத்தை ஆட்டிக்காட்டிவிட்டு லைல் போனான்.

ஆர்டித்துக்கும் டெல்மருக்கும் ஒரே சர்ச். அவன் பெயரை அவள் எழுத்துக்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. இருந்தும் கேட்டாள், பிறந்த தேதியையும் கேட்டாள். தட்டினாள். திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்ப் பின்னறையில் பழைய பெயர்ப் பட்டியலைப் புரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உன் பேர்ல எதுவும் இல்லை கண்ணு."

"நல்லாப் பாருங்க மேடம். நான் பத்தொன்பது வயசுல..."

"வருஷம் சொல்லாதே. என்ன கேஸுன்னும் சொல்லாதே. உன் பேர்ல இந்த கவுண்டில எந்த கேஸும் இருந்ததில்லை. நான் அப்படித்தான் சொல்லணும்."

அவள் 'சொல்லணும்' என்று சொன்ன விதத்தில்தான் அவனுக்கு விஷயம் உறைத்தது.

வழக்கு தள்ளுபடியாகி ஐந்து வருஷம் கழித்து, கவுண்டியின் சாலைத் துறையில் அவனுக்கு வேலை கிடைக்கிற சமயம். தள்ளுபடியான வழக்கானாலும் பெயர் பெயர்தான், முழுசாக அழித்துவிட்டு வா என்றார் மேஸ்திரி. வக்கீல் ஹாப்குட் மனுப் போட்டு அதை அழித்துக் கொடுத்தார். கோர்ட் கட்டு கிழிக்கப்பட்டது. பட்டியலில் அவன் வரிமேல் கறுப்பு மை ஏறியது. நடந்ததற்குச் சாட்சியாக நீதிபதியின் உத்தரவு ஒன்றுதான் மிச்சம். ஒரு பிரதி உறையில் போட்டு அரக்கு வைத்துப் பெட்டகத்துக்குள் போனது, இன்னொரு பிரதி டெல்மர் கையில் வந்தது. "இதைக் கண்ணுபோல வச்சுக்கோ. என்னைக்காவது கேட்பாங்க" என்றார் ஹாப்குட்.

அந்த மலைப்பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சர்ச் கட்டிய கடன் அடைந்த அன்றைக்கு எல்லாரும் கூடி, கடன் பத்திரத்தை ஒரு தட்டில் வைத்துக் கொளுத்தி, பாட்டுப் பாடி, கேக் வெட்டுவார்கள். வீட்டுக் கடன் முடிந்தவர்களும் அப்படியே செய்வார்கள். தீர்ந்தது எதுவானாலும் அது கண்முன்னால் எரிந்து சாம்பலானால்தான் அவர்களுக்குத் தீர்ந்தமாதிரி. ஸ்ட்ரவுட் வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள். கொல்லையில் குப்பை எரிக்கிற தகர டிரம்மைச் சுற்றி நின்றுகொண்டு, அடுப்பில் பன்றிக்கறி வெந்துகொண்டிருக்க, உத்தரவை உள்ளே போட்டது ரோண்டாதான். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. "போச்சு, போச்சு, எங்க அண்ணன் மேல ஒண்ணுமே இல்லை" என்று டிரம்மைச் சுற்றி ஆடினாள். அம்மா கேக்கில் அவன் பெயரை எழுதியிருந்தாள்.

நெருப்பில் போட்டதை இப்போது எந்த ஜன்னலில் போய்க் கேட்பது? கவுண்டி தன் பங்குக்கு எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டது. அழித்தாயிற்று என்று மாநிலத் தலைநகருக்கு ஒரு வரி எழுதிப்போட மட்டும் எவனுக்கும் தோன்றவில்லை. அதனால் கைது அங்கே உயிரோடு இருந்தது, விடுதலை இங்கே செத்துப்போயிருந்தது. இந்த அநியாயத்துக்கு யாரைப் பிடித்துக் கேட்பது? அந்த நாளில் அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இப்போது கல்லறையில் இருக்கிறார்கள்.

"எதுவும் இல்லைன்னாவது எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டான்.

"அது குடுக்கலாம்" என்று ஆர்டித் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். இந்த முறை மெதுவாகக் குத்தினாள்.

மிஸ் ஓக்லி அதை இரண்டுமுறை படித்தாள். "மாநிலம் இருக்குங்குது. கவுண்டி இல்லைங்குது. நீதிபதி இதைப் பார்த்தா, கைதாகி என்ன ஆனாருன்னு யாருக்கும் தெரியாத ஆளுன்னுதான் நினைப்பார். அதுவும் குழந்தையைக் கடத்தின கேஸ். நீங்க குடிச்சிட்டு நாலு பேரை அடிச்சு ஜெயிலுக்குப் போயிருந்தீங்கன்னா நான் ஏதாவது பண்ணியிருப்பேன் மிஸ்டர் ஸ்ட்ரவுட். அது பழசு, முடிஞ்சுபோச்சுன்னு எழுத எனக்கு இடம் இருக்கு. இதுக்கு இடமே இல்லை."

அவனுக்கு லைல் பாட்கின் ஆட்டிக்காட்டிய காகிதம் ஞாபகம் வந்தது. பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் கோபப்பட்டுக் கத்துகிற ஆள் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே நின்றான்.

ஹாப்குட் எப்போதோ இறந்துவிட்டார். அவர் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது நாய்க்கு முடிவெட்டுகிற கடை இருக்கிறது. அவருடைய கட்டுகளெல்லாம் ஆற்று வெள்ளத்தில் ஊறிப் போயின என்று மகள் போனில் சொன்னாள். தலைநகருக்குப் போன் செய்தால், உங்கள் கவுண்டி உத்தரவின் நகலை அனுப்புங்கள், உடனே நீக்கிவிடுகிறோம் என்று இனிக்க இனிக்கப் பேசினார்கள். புதன்கிழமை அவன் மறுபடியும் ஆர்டித்தின் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றான்.

"பெட்டகத்துல உறை இருக்குமில்ல?"

"அப்படி ஒரு உறை இருந்தா, நீதிபதிதான் பிரிக்கணும். நீ மனுப் போடணும். அரசு வக்கீலுக்கு நோட்டீஸ் போகணும், அவங்க பதில் சொல்லணும். இலை உதிர்றதுக்குள்ள முடிஞ்சா உன் அதிர்ஷ்டம்."

அது ஜூன் மாதம், இலை உதிர அக்டோபர் ஆகும்.

"மேடம், அன்னைக்கு அந்த உத்தரவை டைப் அடிச்சது யாரு?"

பக்கத்து மேசைப் பெண் எழுந்து போகும்வரை ஆர்டித் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியில் குனிந்தாள்.

"நாந்தான். வேலைக்கு வந்த புதுசு. உன் தங்கச்சி முதுகை எடுத்த போட்டோவைக் கட்டுலேர்ந்து நாந்தான் கிழிச்சேன். கிழிச்சிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன். நீ செஞ்சது சரி டெல்மர். ஆனா இதை நான் சொல்லலை."

"நாளைக்கு வந்து இதை நீதிபதிகிட்ட சொல்லுங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"அழிச்ச கேஸைப் பத்தி நாங்க வாயைத் திறந்தா அதுவே குற்றம். எனக்கு அடுத்த வருஷம் ஓய்வு. என் வீட்டுக்காரர் ஆக்சிஜன் சிலிண்டர்ல இருக்கார். என்னைக் கேட்காதே கண்ணு, தயவுசெஞ்சு கேட்காதே."

அவன் கேட்கவில்லை. மனுவுக்கான காகிதங்களை வாங்கிக்கொண்டு படியிறங்கினான். அவள் வருவாள் என்று உள்ளுக்குள் நினைத்தான் என்பது வேறு விஷயம். வியாழக்கிழமை விசாரணை முழுக்க அவன் கண் கதவுப்பக்கமே இருந்தது. கதவு ஒருமுறை திறந்தது. தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அவனுக்காக கோர்ட்டே நியமித்த இளவயது வக்கீல் அவகாசம் கேட்டான். நீதிபதியம்மாள் பொறுமையாகத்தான் கேட்டாள். "மூணு வீடு மாறிட்டா இந்தக் குழந்தை. அடுத்த ஸ்கூல் வருஷம் ஆரம்பிக்கிறவரைக்கும் அவளை அந்தரத்துல வைக்க என்னால முடியாது. உங்க பேப்பர் வரும்போது வாங்க, அப்போ யோசிப்போம்" என்றாள். அவகாசம் என்பது அவளிடமே இல்லாத பொருள்போல் கையை விரித்தாள். ஜூனி தலைநகர்த் தம்பதியிடம் போவதாக முடிவானது. அன்றைக்கே.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மிஸ் ஓக்லியின் அலுவலகக் காரும் டெல்மரின் டிரக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காரிலிருந்த குழந்தை இருக்கையின் வார் அறுந்திருந்தது. மிஸ் ஓக்லி அதை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"மிஸ்டர் ஸ்ட்ரவுட், உங்க வண்டில ஒண்ணு பார்த்தேன். கடனாக் குடுக்க முடியுமா? வாரக் கடைசில திருப்பி அனுப்பிடறேன்."

அவன் டிரக்கில் புது இருக்கை இருந்தது. மஞ்சள் பூப்போட்டது. மே மாதமே வாங்கி மாட்டிவைத்திருந்தான். "எடுத்துக்கோங்க, திருப்ப வேண்டாம்" என்று அவிழ்க்கப் போனான். மிஸ் ஓக்லிக்குப் போன் வந்தது. அவள் பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தாள்.

ஜூனி முதுகுப்பையோடு டிரக்கின் கதவடியில் வந்து நின்றாள். ரோண்டாவின் அதே துருத்தின நெற்றி.

"மாமா, ஏறிக்கவா?"

"இல்லடா கண்ணு. அந்தக் கார்ல போகணும்."

"அம்மா சொல்லியிருக்கா. ஸ்கூல் வாசல்ல நீங்க வண்டியோட வந்து நின்னீங்கன்னு. அம்மாவைத் தூக்கி உட்காரவச்சீங்கன்னு. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தீங்கன்னு." தினமும் தூங்கும்போது கேட்ட கதையை ஒப்பிக்கிற குரல். "நான் பயந்தா நீங்க வருவீங்கன்னு அம்மா சொன்னா. நான் அந்த மூணாவது வீட்டு ஜன்னல்ல உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தேன்."

கவுண்டி கிழித்துப்போட்டது, மாநிலத்துக்குத் தெரியாதது, ஆர்டித் சொல்ல மறுத்தது அத்தனையும் ஒரு வரி விடாமல் அந்தக் குழந்தையிடம் இருந்தது. அவளை எந்த கோர்ட்டும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. சாவி அவன் கையில் இருந்தது. மிஸ் ஓக்லி இன்னும் திரும்பவில்லை. பாலம் கோர்ட் வாசலிலிருந்து நேர் ரோடு. ஐயோ, பத்தொன்பது வயதில் இவ்வளவு யோசிக்காமல் வண்டியைக் கிளப்பியவன்தான் அவன். இப்போது கிளப்பினால் அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னொரு வரி ஏறும், அதற்கு முடிவும் இருக்கும், பிறகு எந்த இலையுதிர்காலத்திலும் இவளைக் கண்ணால் பார்க்க முடியாது.

"இப்போ முடியாதுடா ஜூனி" என்றான்.

"அம்மாவுக்கு மட்டும் வந்தீங்க" என்றாள் ஜூனி.

அவன் மஞ்சள் இருக்கையைத் தூக்கிக்கொண்டு போய் அலுவலகக் காரின் பின்சீட்டில் மாட்டினான். அவளைத் தூக்கி உட்காரவைத்தான். வாரை இழுத்துப் பூட்டினான். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று விரலைவிட்டு இழுத்துப் பார்த்தான்.

"கழண்டுக்காதில்ல?" என்று கேட்டாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"கழண்டுக்காது" என்றான் டெல்மர்.